ஸ்லைடைப் பார்த்தவர் யார்?

ஐப்பசி மழை விட்டு நாலு நாள் ஆனதும், மொட்டைமாடித் தொட்டியிலும் பூச்சட்டியின் அடித்தட்டிலும் தேங்கிய நீரில் கொசுக்கள் பெருகத் தொடங்கும் பருவத்தில், மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அடையாற்றிலோ காய்ச்சல்காரர் ஒருவரேனும் இல்லாத தெருவைக் காண்பது அரிது. அப்படி ஒருவர் படுத்துவிட்ட வீட்டுக்கு நலம் விசாரிக்க வரும் எதிர்வீட்டு மாமியும், தொலைபேசியில் கூப்பிடும் வெளியூர்ச் சித்தப்பாவும், தெருமுனை மருந்துக் கடைக்காரரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றே: "கவுண்ட் எவ்வளவு?" எதன் கவுண்ட் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்க வேண்டிய தட்டணுக்கள் டெங்குக் காய்ச்சலில் மளமளவென்று இறங்கிவிடும் என்பதை, பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிக்காத பாட்டியும் இன்று அறிவாள். அரசாங்கம் விநியோகித்த நிலவேம்புக் குடிநீரும், யார் யாரோ சொல்லி வீட்டு மிக்ஸியில் அரைபட்ட பப்பாளி இலையும் அந்த அறிவோடு சேர்ந்தே வீடுகளுக்குள் வந்தவை. இந்த விழிப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே எண், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு நோய்களின் வாசலில் நிற்கக்கூடும் என்பதையும், அவற்றுள் ஒன்றுக்கு நிதானமாகக் கவனித்தபடி பொறுத்திருப்பதே வைத்தியமாக இருக்க, மற்றொன்றில் அப்படிப் பொறுத்திருக்கும் இரண்டு நாளே உயிரைக் கொண்டுபோய்விடும் என்பதையும் நம்மில் அநேகர் அறியோம். அந்த இரண்டாவது நோயைப் பற்றியும், அதைக் கண்டுபிடிக்க வேண்டிய கண்களைப் பற்றியும் எழுதுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

தியாகராய நகரில் உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு குடும்பத்தை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். வைத்திய நூல்கள் வருணிக்கும் நோயின் போக்கை ஓர் இல்லத்துக்குள் வைத்துப் பார்ப்பதற்காக நான் கற்பித்துக்கொண்ட குடும்பம் இது. முப்பத்தெட்டு வயதான இல்லத்தலைவிக்கு நாலு நாளாக அசதி, லேசான காய்ச்சல், வயிற்றுவலி. முழங்காலுக்குக் கீழே ஊசிமுனையால் குத்தியதுபோல் சிவந்த புள்ளிகள். எங்கே இடித்துக்கொண்டோம் என்று நினைவில்லாத நீலக் கன்றல்கள். பக்கத்து லேபில் கொடுத்த ரத்தத்தில் தட்டணுக்கள் 18,000. டெங்குப் பரிசோதனை 'நெகட்டிவ்' என்று வந்திருக்கிறது. என்றாலும், நாள் தப்பி எடுத்ததால் பிடிபடவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளும்படி ஊரில் வீட்டுக்கு வீடு டெங்கு இருக்கிறது. கண்வெள்ளையில் மெல்லிய மஞ்சள் பூத்திருப்பதும், சிறுநீர் முதல் டிகாக்ஷன் நிறத்தில் போவதும் யார் கவனத்துக்கும் வரவில்லை. ஐந்தாம் நாள் மாலை, மகனைக் கூப்பிட வாயெடுத்தவளுக்கு அவன் பெயர் வரவில்லை. டம்ளரைக் கேட்க நினைத்துச் 'சாவி' என்கிறாள். வலக்கை விரல்கள் மரத்துப்போகின்றன. பத்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகி, அவளே எழுந்து காப்பி கலக்கப் போகிறாள். காய்ச்சல் வேகத்தில் வாய் குழறியது என்று வீடு ஆறுதலடைகிறது. நோய் தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போனது அந்தப் பத்து நிமிஷத்தில்தான்.

வைத்தியர்களிடையே அது டி.டி.பி. என்று வழங்குகிறது. விரித்தால் 'த்ராம்பாட்டிக் த்ராம்போசைட்டோபீனிக் பர்ப்யூரா'. ரத்தம் உறைவதையும், தட்டணு குறைவதையும், தோலில் ஊதாப் புள்ளிகள் படர்வதையும் ஒரே மூச்சில் சொல்லும் அந்தப் பெயருக்குள் ஒரு முரண் இருப்பதைக் கவனிக்க வேண்டும். காயத்தில் ரத்தத்தை உறையவைப்பது தட்டணுக்களின் தொழில். அவை குறைந்தால் ரத்தம் உறையாமல் ஒழுகவேண்டும் என்பதே நாம் எதிர்பார்ப்பது. இந்த நோயிலோ, உறைய வேண்டாத இடங்களில் எல்லாம் உறைந்து செலவாகிப்போவதால்தான் அவை குறைகின்றன. விளைச்சல் குறையாத ஆண்டிலும் கடைத்தெருவில் அரிசி கிடைக்காமற் போனால், எங்கோ கிடங்குகளில் அது அடைந்து கிடக்கிறது என்று நாம் ஊகிப்போம் அல்லவா? அதுபோல, விரல்நுனியிலும் முழங்கை நரம்பிலும் குத்திப் பார்க்கையில் காணாத தட்டணுக்கள், மூளை, இருதயம், சிறுநீரகம், கணையம் முதலிய அவயவங்களின் மயிரிழை போன்ற நாளங்களுக்குள் கட்டிகட்டியாய் அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. எந்த அவயவத்துக்குள் எப்போது ஓட்டம் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேலைநாட்டுக் கணக்குகளின்படி ஆண்டொன்றுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ மூவருக்கு வரும் வியாதி இது. பெண்களுக்கு, அதிலும் நடுவயதில், சற்று அதிகமாக வருகிறது. அந்தக் கணக்கு நமக்கும் பொருந்துமானால், ஒரு கோடிப் பேர் வாழும் நகரத்தில் வருஷத்துக்கு முப்பது பேர். ஒரு தெரு வைத்தியர் தம் ஆயுள் முழுவதும் ஒருவரைக்கூடப் பார்க்காமலே ஓய்வு பெறலாம். பார்க்காத ஒன்றைச் சந்தேகிக்க வேண்டியிருப்பதே இதன் பெரும் சிரமம்.

சந்தேகத்துக்கான முதல் தடயம், வீட்டார் கையில் வைத்திருக்கும் அதே லேப் காகிதத்தில், எல்லாரும் தேடிப் படிக்கும் வரிக்குச் சற்று மேலேயே அச்சாகியிருக்கிறது. டெங்கு முற்றும்போது நாளங்களின் சுவர் கசிந்து ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறுவதால், எஞ்சிய ரத்தம் தடித்து, 'பி.சி.வி.' என்ற அளவு உயர்கிறது. டி.டி.பி.யில் சிவப்பணுக்களே சிதைந்துபோவதால் அந்த அளவும் ஹீமோகுளோபினும் நாளுக்கு நாள் சரிகின்றன. ஒரு நோயில் ரத்தம் கெட்டியாகிறது, மற்றதில் வெளுக்கிறது. வெளியே ரத்தக்கசிவு ஏதும் இல்லாதபோது, தட்டணுவும் ஹீமோகுளோபினும் கைகோத்து இறங்கினால் அது டெங்குவின் வழக்கமான நடை அன்று. அப்போது எந்த எந்திரமும் செய்ய முடியாத ஒரு காரியத்தை ஒரு மனிதர் செய்தாக வேண்டும்: அந்த ரத்தத்தில் ஒரு துளியைக் கண்ணாடியில் தடவிக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அந்தப் பார்வையை நேரில் அறிந்துகொள்வதற்காக, கபாலீசுவரர் கோயில் குளத்துக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள சிறிய லேப் ஒன்றில் ஒருநாள் காலை ஆறரை மணிக்குப் போய் உட்கார்ந்தேன். வெறும் வயிற்றோடு வந்திருந்த முதியவர்கள் பெஞ்சில் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, "குத்தினதும் காப்பி சாப்பிடலாமோன்னோ?" என்று கேட்ட ஒரு மாமியிடம், "தாராளமா சாப்பிடுங்க மாமி" என்றபடியே ரத்தம் எடுத்து முடித்தாள் அங்கே வேலை பார்க்கும் பெண். ஊதா மூடி போட்ட அந்தச் சிறுகுழாயை எந்திரம் வாங்கி, ஒரு நிமிஷத்தில் இருபதுக்கு மேற்பட்ட எண்களைக் கக்கியது. பிறகுதான் டெக்னீஷியன் ஒரு கண்ணாடி ஸ்லைடை எடுத்துத் துடைத்து, அதன் ஓரத்தில் கடுகளவு ரத்தத்தை வைத்தார். இன்னொரு ஸ்லைடைச் சாய்வாகப் பிடித்து அந்தத் துளியைத் தொட்டதும், ரத்தம் அதன் விளிம்பு நெடுகிலும் ஓடிப் பரவியது. பரவிய கணமே, மூச்சைப் பிடித்துக்கொண்டவர்போல், ஒரே சீராக முன்னால் தள்ளினார். கண்ணாடியின்மேல் நாக்கின் வடிவில் ஒரு மென்படலம் படிந்தது. அதன் நுனி இறகுபோல் தேய்ந்து மறைந்தது. "கை நடுங்கினா அலை அலையா விழுந்துடும் சார், அப்புறம் டாக்டர் திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார். காற்றில் ஆட்டி உலர்த்தி, லீஷ்மன் சாயத்தை ஊற்றி, இரண்டு நிமிஷம் கழித்து அதற்கு இருமடங்கு நீர்மம் விட்டு, மேலும் சில நிமிஷம் பொறுத்துக் குழாய் நீரில் கழுவியபோது, பழுப்பாக இருந்த படலம் ரோஜா நிறம் பெற்றிருந்தது.

நோய்க்கூறு மருத்துவர் பதினோரு மணிக்கு வந்தார். மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, காலையில் தடவிய ஸ்லைடுகளில் ஒன்றை எனக்குக் காட்டினார். நடுவில் வெளிறிய, விளிம்பில் சிவந்த, முழு வட்டமான அணுக்கள், இலையில் பரிமாறிய சிறு அப்பளங்கள்போல் கிடந்தன. ஊடே ஊதாத் தூசிபோல் தட்டணுக்கள். அதை எடுத்துவிட்டு, மாணவர்களுக்குக் காட்டுவதற்கென்று மரப்பெட்டியில் போற்றி வைத்திருக்கும் பழைய ஸ்லைடு ஒன்றை வைத்தார். அப்பளங்கள் இருந்தன, அவற்றுக்கு நடுவே நொறுங்கிய அப்பளத் துண்டுகளும் இருந்தன. ஒன்று முக்கோணமாக, ஒன்று பிறையாக, ஒன்று இரண்டு கொம்பு முளைத்த தலைக்கவசம் போல. தட்டணுவைத் தேடித் தேடிப் பார்த்தும் ஒன்றிரண்டுக்கு மேல் அகப்படவில்லை. நூறு சிவப்பணுக்களில் இப்படிப்பட்ட துண்டு ஒன்றுக்கு மேற்பட்டு இருந்தாலே நாளங்களுக்குள் ஏதோ விபரீதம் நடக்கிறது என்று கொள்ளவேண்டும் என்பது சர்வதேச ரத்தவியலாளர்கள் வகுத்துள்ள நியதி. நூறில் ஒன்று! அவசரக்காரரின் கண்ணில் படாமல் நழுவிவிடக்கூடிய அளவு.

எந்திரத்தை நான் தாழ்த்திப் பேசவில்லை. அது இல்லாமல் இந்த நகரத்தின் ஒரு நாள் ரத்தத்தை எண்ணி முடிக்க இயலாது. ஆயினும் அது அணுக்களைப் பெரும்பாலும் அளவால் பிரிக்கிறது, உருவத்தால் அறிவதில்லை. சிதைந்த சிவப்பணுவின் சிறுதுண்டைத் தட்டணு என்று எண்ணி, உண்மையில் 10,000 உள்ள இடத்தில் கூடுதலாகக் காட்டிவிடவும் கூடும். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. ஊதா மூடிக் குழாயில் உள்ள ரசாயனத்தோடு சேர்ந்ததும் சிலருடைய தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும். எந்திரம் அந்தக் கொத்துகளை எண்ணாமல் விட, பூரண ஆரோக்கியமுள்ள மனிதர் 20,000 என்ற அறிக்கையோடு கலங்கிப்போய் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார். இரண்டு பிழைகளையும் திருத்த வல்லது அந்த ரோஜா நிறப் படலம் ஒன்றுதான். 'ஸ்மியர் பார்த்தீர்களா?' என்று கேட்பது, படித்த குடும்பங்கள் நிறைந்த நம் தெருக்களில்கூட இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை என்பது எனக்குப் பெரும் குறையாகத் தோன்றுகிறது.

இத்தனைக்கும், கண்ணாடிமேல் தடவிய துளிக்குள் மறைந்த நோயைக் காணும் கலை சென்னைக்குப் புதியதன்று. 1903ஆம் ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராகவும் பொது மருத்துவமனையில் வைத்தியராகவும் இருந்த சார்லஸ் டோனவன், நாள்பட்ட காய்ச்சலும் வீங்கிய மண்ணீரலும் வெளிறிய சரீரமுமாக வந்து சேர்ந்த ஏழை நோயாளிகளைக் கவனித்தார். மலேரியா மலிந்த அக்காலத்தில், அப்படிப்பட்ட காய்ச்சல் அனைத்தும் மலேரியா என்றே எழுதப்பட்டுக் கொயினா கொடுக்கப்பட்டது. கொயினாவுக்குக் கட்டுப்படாதவர்கள் மாண்டுபோனார்கள். டோனவன் மண்ணீரலிலிருந்து எடுத்த துளியைத் தடவிச் சாயமேற்றிப் பார்த்தபோது, மலேரியாக் கிருமியை ஒத்திராத நுண்ணிய முட்டை வடிவங்களைக் கண்டார். அவரை அறியாமலே, இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மன் அதே வடிவங்களைக் கல்கத்தாவையடுத்த டம்டமிலிருந்து திரும்பி மரித்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் கண்டு அதே ஆண்டில் வெளியிட்டிருந்தார். காலா அசார் என்னும் கொடிய காய்ச்சலின் கிருமி அது. ரொனால்ட் ராஸ் இருவருடைய பெயரையும் இணைத்து அதற்கு 'லீஷ்மேனியா டோனவானி' என்று நாமகரணம் செய்தார். 1911இல் ராயப்பேட்டை மருத்துவமனை தோன்றியபோது அதன் முதல் தலைமை வைத்தியராக நியமிக்கப்பட்டவர் இந்த டோனவனே. இன்றும் ஆயிரக்கணக்கானோர் ஏறியிறங்கும் அந்த மருத்துவமனையைக் கடக்கும்போதெல்லாம், ஊரே ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த காய்ச்சலுக்குள் வேறொரு நோய் ஒளிந்திருந்ததை ஒரு கண்ணாடித் துண்டில் கண்டவர் இங்கே இருந்தார் என்ற நினைவு எனக்கு வருவதுண்டு. அவர் கண்டதும் லேபில் நான் கண்டதும் வெவ்வேறு வியாதிகள். பார்த்த விதம் ஒன்றே. லேபில் அன்று ஊற்றிய சாயமும் அந்த லீஷ்மன் வகுத்ததுதான்.

டி.டி.பி. முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1924இல், நியூயார்க்கில். அதுவரை நோய்நொடி அறியாத பதினாறு வயதுப் பெண் ஒருத்திக்குத் திடீரென்று காய்ச்சலும் பலவீனமும் கைவலியும் கண்டு, உடல் வெளுத்து, தோலில் புள்ளிகள் தோன்றி, உடலின் ஒரு பக்கம் செயலிழந்து, நினைவு தப்பி, ஏறக்குறைய இரண்டே வாரத்தில் உயிர் பிரிந்தது. எலி மாஷ்கோவிட்ஸ் என்ற மருத்துவர் அவளுடைய அவயவங்களை ஆராய்ந்தபோது, இருதயத்திலும் சிறுநீரகத்திலும் உள்ள மிகச் சிறிய நாளங்களெல்லாம் கண்ணாடிபோல் மின்னும் உறைகட்டிகளால் அடைபட்டிருக்கக் கண்டார். அணுக்களை ஒட்டவைக்கவும் உடைக்கவும் வல்ல ஏதோ கடும் விஷம் அவள் ரத்தத்தில் புகுந்திருக்க வேண்டும் என்பது அவருடைய ஊகம். அந்தப் பெண்ணின் ரத்தத்தில் விஷம் எதுவும் சேரவில்லை, இருக்கவேண்டிய ஒன்றே காணாமற்போயிருந்தது என்பது தெளிவாக முக்கால் நூற்றாண்டு சென்றது.

அதை விளங்கிக்கொள்ள, சென்னைக்காரர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு பொருளை நினைவுபடுத்துகிறேன். கண்ணாடித் தூளும் பசையும் பூசிய மாஞ்சா நூல், காற்றாடி அறுந்தபின் தெருவின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாமல் தொங்கி, வண்டியில் வருபவரின் கழுத்தை அறுத்த கொடுமைகளைப் பத்திரிகையில் படித்திருக்கிறோம். நம் ரத்த நாளங்களின் உட்சுவரும் ஒரு வகை நூலை இடைவிடாமல் நூற்று வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. பின்லாந்தின் ஒரு தீவில் ரத்தம் நில்லாமல் ஒழுகும் குடும்பத்தை 1926இல் வருணித்த எரிக் வான் வில்லிபிராண்டின் பெயரால் வழங்கும் புரதம் அது. காயம் பட்ட இடத்தில் தட்டணுக்கள் பற்றிக்கொள்ள அது கொழுகொம்பு. புதிதாக வெளிவரும்போது மிக நீளமாகவும் பசைத்தன்மை மிகுந்தும் இருக்கும் அந்த நூலை அவ்வப்போது அளவாக நறுக்கிவிட ஒரு கத்தரிக்கோல் வேண்டும். அந்தக் கத்தரிக்கோல் ரத்தத்திலேயே உள்ள ஒரு நொதி. 1982இல் ஜோயல் மோக் என்ற அமெரிக்க மருத்துவர், இந்நோய் திரும்பத் திரும்ப வருகிறவர்களின் ரத்தத்தில் அளவுக்கு மீறி நீண்ட நூல்கள் இருப்பதைக் கண்டார்; 1996இல் சுவிட்சர்லாந்தில் ஃபர்லானும் அமெரிக்காவில் சாயும் தனித்தனியே நொதியைப் பிரித்தெடுத்தார்கள்; 2001இல் அதன் மரபணுவும் அறியப்பட்டு, 'ஆடம்ஸ் 13' என்று வைத்தியர்கள் உச்சரிக்கும் பெயர் அதற்கு வந்தது. பெரும்பாலான நோயாளிகளில், உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பொருளே வழிதவறி இந்த நொதியைத் தாக்கி, அதன் ஆற்றலை நூற்றுக்குப் பத்துக்கும் கீழே இறக்கிவிடுகிறது. நறுக்கப்படாத நூல்கள் நாளங்களில் குறுக்கும் நெடுக்குமாய்த் தொங்க, தட்டணுக்கள் அவற்றில் போய் ஒட்ட, அந்த வலைக்குள் புகுந்து போகவேண்டிய சிவப்பணு கிழிபட்டு நொறுங்குகிறது. லேபில் நான் பார்த்த தலைக்கவசமும் முக்கோணமும் அந்த வலையில் அறுபட்டவை.

1966இல் அமெரிக்க மருத்துவர்கள் அமரோசியும் அல்ட்மனும் அதுவரை பதிவான 271 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து, காய்ச்சல், தட்டணுக் குறைவு, சிவப்பணு சிதையும் சோகை, மூளைக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு என்ற ஐந்து குறிகளை வகுத்தார்கள். அந்நாளில் பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் இறந்தார்கள். ஐந்து குறிகளையும் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்தார்கள். ஆனால் ஐந்தும் கூடிவரும்வரை காத்திருப்பவர், நோய் முற்றும்வரை காத்திருப்பவரே ஆவார். இன்று முதல்நாளே ஐந்தோடும் வருகிறவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஆகையால், வேறு காரணம் புலப்படாத தட்டணுக் குறைவும் உடைந்த சிவப்பணுக்களும் சேர்ந்து தெரிந்தாலே டி.டி.பி. என்று கொண்டு சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும் என்பது இக்கால நியதி. நொதியின் அளவைக் காட்டும் பரிசோதனை எல்லா லேபிலும் செய்யப்படுவதன்று. முடிவு வரச் சில நாட்கள் பிடிப்பதும் உண்டு. அதுவரை கைகட்டி நிற்காமலிருக்க, 2017இல் 'பிளாஸ்மிக்' என்ற ஏழு கேள்விகள் வகுக்கப்பட்டன. தட்டணு 30,000க்குக் கீழா, சிவப்பணு சிதைகிறதா, கிரியாட்டினின் இரண்டுக்குக் கீழா என்பன போன்ற எளிய வினாக்கள். எந்தத் தெரு லேபும் அரைநாளில் விடை தரக்கூடியவை.

அந்த ஏழனுள் சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் கேட்கும் ஒரு கேள்வி, மயிலாப்பூர் போன்ற மரக்கறி உணவுப் பகுதிகளுக்கென்றே எழுதியதுபோல் எனக்குப் படுகிறது. வைட்டமின் பி12 மிகவும் வறண்டுபோனவர்களின் எலும்பு மஜ்ஜையில் அணுக்கள் பிறக்கும் முன்பே சிதைகின்றன. தட்டணு இறங்குகிறது, சோகை முற்றுகிறது, ஸ்லைடில் உடைந்த துண்டுகளும் தென்படுகின்றன. மேலோட்டமாகப் பார்ப்பவர் டி.டி.பி. என்றே சத்தியம் செய்வார். அப்படி நினைத்துக் கழுத்து நரம்பில் குழாய் செருகிப் பெரும் சிகிச்சை நடத்தியபின், குறைவான விலைக்குக் கிடைக்கும் பி12 ஊசியே வேண்டியிருந்தது என்று தெரியவந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. பேதம் அறிவதும் அதே ஸ்லைடில்தான்: பி12 குறைந்தவரின் சிவப்பணுக்கள் முட்டை வடிவில் பருத்திருக்கும், வெள்ளணுவின் கரு ஐந்தாறு இதழ்களாகப் பிரிந்திருக்கும், இழப்பை ஈடுகட்ட டி.டி.பி.யில் பெருகும் இளம் சிவப்பணுக்கள் இங்கே குறைந்திருக்கும். இந்தப் பருத்த அணுக்களின் கதையிலும் நம் ஊருக்குப் பங்குண்டு. கர்ப்பிணிகளின் சோகையை ஆராய இந்தியா வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர், 1931இல் திருவல்லிக்கேணியில் அக்காலத்தில் கோஷா ஆஸ்பத்திரி எனப்பட்ட, இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையில் பணிபுரிந்தார். ஈஸ்ட் சாற்றினால் அச்சோகை தீர்வதை அவர் கண்டது பின்னால் ஃபோலிக் அமிலத்தின் கண்டுபிடிப்புக்கு வழிகோலியது. அதைச் செயற்கையாகத் தயாரித்த ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைமை தாங்கிய எல்லப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

வேடதாரிகள் இன்னும் உண்டு. எலிக்காய்ச்சலும், உண்ணிக் காய்ச்சலும் தட்டணுவைக் குறைத்துச் சிறுநீரகத்தையும் ஈரலையும் ஒருசேரத் தாக்கும். கண்ணாடி விரியன் கடித்தவர் சிலருடைய ஸ்லைடிலும் இதே நொறுங்கிய துண்டுகள் காணப்படும். கர்ப்பகால ரத்தக்கொதிப்பு, லூபஸ், குழந்தைகளைத் தாக்கும் ஒருவகைச் சிறுநீரக நோய் ஆகியவற்றையும் வைத்தியர் மனத்தில் வைத்திருக்க வேண்டும். டெங்கு வந்தவருக்கே அதைத் தொடர்ந்து டி.டி.பி.யும் வந்ததாக அபூர்வமாய்ச் செய்தி உண்டு. ஆகவே டெங்கு 'பாசிட்டிவ்' என்று வந்த காகிதங்கூட, உளறலும் மஞ்சளும் சோகையும் தோன்றிய பிறகு, கேள்விகளை முடித்துவிடாது.

இனி சிகிச்சை. இங்கேதான் வீட்டாரின் நல்லெண்ணமே தீங்காய் முடியக்கூடிய ஓர் இடம் இருக்கிறது. தட்டணு 18,000 என்றதும், உறவினர்கள் அத்தனை வாட்ஸாப் குழுக்களிலும் 'பிளேட்லெட் அவசரத் தேவை' என்று அனுப்புகிறார்கள். கல்லூரிப் பையன்கள் இரவோடிரவாகப் பைக்கில் வந்து தானம் கொடுக்கிறார்கள். டி.டி.பி.யில், உயிருக்கே ஆபத்தான ரத்தக்கசிவு இருந்தாலொழிய, தட்டணு ஏற்றுவதைத் தவிர்ப்பதே முறை. நறுக்கப்படாத நூல்களில் மேலும் தட்டணுக்களைக் கொண்டுபோய் ஒட்டுவது, எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகிவிடக்கூடும். இங்கே வேண்டியது பிளாஸ்மா, அதாவது அணுக்களை நீக்கிய மஞ்சள் நிற நீர்ப்பகுதி. கத்தரிக்கோல் நொதி அதில்தான் இருக்கிறது. நோயாளியின் பிளாஸ்மாவை, வழிதவறிய எதிர்ப்பொருளோடு சேர்த்து, எந்திரம் பிரித்து வெளியேற்ற, தானமாய் வந்த பிளாஸ்மா அதன் இடத்தை நிரப்புகிறது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டரை லிட்டர். சுமார் 200 மில்லிலிட்டர் கொண்ட உறைபைகளாகக் கணக்கிட்டால் பன்னிரண்டு பை, அதாவது பன்னிரண்டு மனிதர்களின் தானம். தட்டணு ஒன்றரை லட்சத்தைத் தாண்டி நிலைக்கும்வரை தினந்தோறும் செய்யவேண்டிய இக்காரியம் பத்து நாள் நீண்டால் நூற்றிருபது பேர். 1958இல் டாக்டர் கே.எஸ். சஞ்சீவி நிறுவிய, அடையாற்றையடுத்த வி.எச்.எஸ். மருத்துவமனை வளாகத்தின் ரத்த வங்கியிலோ வேறு வங்கியிலோ ஏதோ ஒரு பிறந்தநாளன்று கைநீட்டிவிட்டு, பிஸ்கட்டும் ஜூஸும் வாங்கிக்கொண்டு போன முன்பின் அறியாத நூற்றிருபது பேர், ஒரு பெண்ணின் மூளைக்குள் ஓட்டம் நில்லாமல் காக்கிறார்கள். கனடாவில் 102 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 1991இல் வெளியான ஆய்வில், பிளாஸ்மாவை வெறுமனே ஏற்றியபோது ஆறு மாதத்தில் நூற்றுக்கு 37 பேர் மாண்டார்கள். மாற்றியபோது 22 பேர். தொண்ணூறிலிருந்து இருபத்திரண்டுக்கு! ஸ்டீராய்டும், ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தும், அண்மையில் வந்துள்ள, ஆனால் நம் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாத விலையுள்ள காப்லாசிஸுமாபும் அந்த எண்ணிக்கையை மேலும் குறைத்திருக்கின்றன. பிறவியிலேயே நொதி இல்லாத அபூர்வ நோயாளிகளுக்காக, செயற்கையாகச் செய்த நொதியே 2023 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

பிளாஸ்மா மாற்றும் எந்திரம் இல்லாத ஆஸ்பத்திரியாக இருந்தால், இருக்கும் இடத்துக்கு அனுப்பும்வரை பிளாஸ்மாவை ஏற்றியாவது காலத்தைச் சம்பாதிக்கலாம். எதைத் தொடங்கும் முன்பும் மறக்கக்கூடாத காரியம் ஒன்று உண்டு: நொதிப் பரிசோதனைக்கு வேண்டிய ரத்தத்தை நீல மூடி போட்ட குழாயில் எடுத்து வைத்துவிட வேண்டும். தானம் வந்த பிளாஸ்மா உள்ளே போனபின் எடுத்தால், அந்நியர்களின் நொதி நோயாளியின் வெறுமையை மூடி மறைத்துவிடும். நள்ளிரவு அவசரத்தில் நர்ஸ் ஒருவர் நினைவாக எடுத்துவைத்த அந்த ஒரு குழாய், நோயின் பெயரை உறுதியாக்கி, பின்வரும் ஆண்டுகளின் வைத்தியத்தையே நிர்ணயிக்கும். ஏனெனில் மீண்டவர்களில் கணிசமானோருக்கு இது திரும்ப வரக்கூடும். ஞாபக மறதி, சீக்கிரம் களைத்துப்போதல், மனச்சோர்வு ஆகியவை நோய் போன பிறகும் பலரைவிட்டுப் போவதில்லை. வெளிப்பார்வைக்குச் சுகமாக நடமாடும் அவர்களை வீட்டார் 'சோம்பல்' என்று சொல்லாமலிருக்க வேண்டும். அடுத்த ஐப்பசியில் சாதாரண ஜலதோஷக் காய்ச்சல் வந்தாலும் அவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது தங்கள் முழங்காலுக்குக் கீழேதான்.

லேபில் அந்த மருத்துவர் பழைய ஸ்லைடை மெல்லிய தாளில் சுற்றி மரப்பெட்டியில் திரும்ப வைத்துக்கொண்டிருந்தபோது, இதுபோன்ற துண்டுகளை அன்றாட ஸ்லைடு ஒன்றில் கண்டால் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். எழுதுவதற்கு என்ன, நாலு வரிதான் என்றார். பிறகு, மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டியிருந்த ஒரு காகிதத்தைக் காட்டினார். அந்த வட்டாரத்தில் அவருக்கு ரத்தம் அனுப்பும் டாக்டர்களின் பெயர்களும், எதிரே அவர்களுடைய சொந்தத் தொலைபேசி எண்களும் கையால் எழுதியிருந்தன. சிலவற்றை அடித்து, புது எண் மாற்றி எழுதியிருந்தார்.

"ரிப்போர்ட் சாயங்காலம்தான் சார் போகும்" என்றார் அவர். "போன் அப்பவே போயிடும்."